ஒரு கால் ஆய்வு: லோயர் கேம்ப் வட்டாரத்தை முன்வைத்து

உடற்கூற்றியலார் கறாராகப் பேசும்போது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதியை மட்டுமே கால் என்பர். இடுப்புக்குக் கீழுள்ள அனைத்தையும் அப்பெயரால் அழைக்கும் ஊர்வழக்கை அவர்கள் பொறுத்துக்கொள்வது பெருந்தன்மையே. ஆயினும் தேனி மாவட்டத்தில், குமுளி மலைச்சாலை ஏறத் தொடங்கும் லோயர் கேம்ப்பில், இவ்வுறுப்பு இரு வரையறைக்குள்ளும் அடங்க மறுக்கிறது.

முதற்சான்று ஊர்ப்பெயரிலேயே உள்ளது. ஆகாரக் குறியாகிய ‘ா’ துணைக்கால் எனப்படும். இப்பெயரைத் தமிழில் எழுதுங்கால் ‘லோ’விலும் ‘கே’யிலுமாக இரட்டைக்கொம்பு இரண்டு வந்தும், கால் ஒன்றே வருகிறது. ‘யர்’ என்பதில் நிற்பது காலைப் போலத் தோன்றினும் அது ரகர மெய்யாதலால் கணக்கில் சேராது.

பாசனத்துறையில் கால் என்பது நீரோடும் வழி. 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டபின், மேற்கே பாய்ந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பப்பட்டு, லோயர் கேம்ப்பில் இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயல்களுக்குப் பாய்கிறது. இங்கிருந்து பிரியும் 18ஆம் கால்வாயில் கால் முன்னும் வாய் பின்னும் நிற்க, வயலுக்கு நீர் கொண்டுசெல்லும் வாய்க்காலில் வாய் முன்னும் கால் பின்னுமாக நிற்பதும், இவ்விடமாற்றத்தால் நீரோட்டத்துக்கு யாதொரு ஊறும் நேராமையும் மருத்துவ உலகம் கவனிக்கத்தக்கவை. இவ்வுடலுக்குத் தலையும் உண்டு. அது தலைமதகு எனப்படும். தண்ணீர் திறக்கும் நாளில் மலர் தூவுவோர் திரள்வது அத்தலையருகேதான். கடைமடையில் வயலுக்குரியவர் மட்டும் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருப்பார்.

பன்னீர் திராட்சைப் பந்தலைத் தாங்கும் கல்லுக்காலுக்கு முழங்கால் கிடையாது என்பதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காற்றையும் கால் என்று நிகண்டுகள் கூறுவதால், ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகள் ஒருவகையில் காலால் சுழல்பவை. காலெலும்பின் பெயரையே குழலுக்கும் வைத்துக்கொண்ட லத்தீன்காரர்கள் இதைக் கேட்டு வியக்கமாட்டார்கள்.

கணக்கில் கால் நான்கிலொரு பங்கு. அரைக்கால் எட்டிலொரு பங்கு. அரைக்கால் சட்டை எதனின் எட்டிலொரு பங்கு என்பதைத் தையற்காரர்கள் இன்றுவரை விளக்கியதில்லை. 1958இல் உற்பத்தியைத் தொடங்கிய, லோயர் கேம்ப்பிலுள்ள பெரியாறு நீர்மின் நிலையம், 35 மெகாவாட் இயந்திரங்கள் நான்கும் அமைந்து 140 மெகாவாட் ஆனபோது, ஒவ்வொன்றும் பிசகற்ற காலாக இருந்தது. பின்னர் மூன்று மட்டும் 42 மெகாவாட்டாக உயர்த்தப்பட்டு மொத்தம் 161 ஆயிற்று. அதில் கால்பங்கு 40.25, மூன்று இயந்திரங்கள் அதைத் தாண்டிவிட, நான்காவது அதை எட்டாததால், நான்கு இருந்தும் இந்நிலையத்தில் அப்போது கால் என்று சொல்லத்தக்கது ஒன்றுகூட இல்லாமற்போயிற்று.