ஆறு மாதத்துக்கு ஒரு பேதி: வீட்டுக் கணினியைத் துடைத்தெழுதுவது குறித்த ஓர் ஆய்வு

வீட்டுக் கணினியின் ஓ.எஸ்.ஸைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை வழித்தெடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டுமா என்பது தமிழறிஞர்கள் இதுவரை தொடாத துறை. தொல்காப்பியத்தில் இதுபற்றி எதுவும் இல்லை. அகத்தியம் நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை என்பதால், அதில் இருந்திருக்கலாம் என்று வாதிட இடமுண்டு. அந்த இடைவெளியை நிரப்ப முயல்கிறது இக்கட்டுரை.

ஆய்வுக் களம்

பெங்களூரு ஈஜிபுரா. பிரதான சாலையிலிருந்து மூன்று வீடு தள்ளி, இரண்டாம் மாடி, ஜன்னலோர மேசை. ஆய்வுக்கு உட்பட்டது ஒரே ஒரு கணினி; எஸ்.பி. ரோட்டில் உதிரி உதிரியாக வாங்கிப் பூட்டியது. பயன்படுத்துவோர் நால்வர்: ஆய்வாளர், அவர் மனைவி, மகள், மாமியார். மாதிரி ஒன்றுதான் என்பது ஆய்வின் குறை. வீட்டு பட்ஜெட் இரண்டாவதற்கு இடம் தரவில்லை.

பேதிக் கட்சி

நோய் அணுகாதிருக்க நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்திக்கும் மருந்து கொள்ளச் சொன்னவர் சித்தர் தேரையர். எங்கள் தெருமுனைக் கணினிக் கடைத் தம்பி தேரையரைப் படித்தவரல்லர், கன்னடக்காரர். அவரும், "ஆறு திங்களிகொம்மெ ஃபார்மட் மாட்பிடி சார்" (ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃபார்மட் அடித்துவிடுங்கள்) என்றார். மாதத்தைத் தேரையரும் திங்கள் என்கிறார், தம்பியும் திங்கள் என்கிறார். இருவருக்கும் மூலநூல் ஒன்றே என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இக்கட்சியை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. விண்டோஸ் 95, 98 காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் வரும்போது தன் டி.எல்.எல். கோப்புகளைக் கொண்டுவந்து, பக்கத்து மென்பொருளின் கோப்பு மேலேயே எழுதிவிட்டு உட்காரும். போகச் சொன்னால், பாதிச் சாமானை ரெஜிஸ்ட்ரியில் போட்டுவிட்டுப் போகும். அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு பழைய மெத்தையை விட்டுச்செல்லும் குடித்தனக்காரரைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அந்த நிலையில் பேதிதான் வைத்தியம்.

மண்டலக் கணக்கு

இங்கே ஒரு கிளை ஆய்வு. அவ்விரு விண்டோஸ்களிலும், கணினியைப் போட்டதிலிருந்து எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று எண்ணிக்கொண்டே இருக்கும் ஒரு கணக்கு உண்டு. 32 பிட் எண் என்பதால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296-இல் அது தீர்ந்துபோகும். நாளாக்கினால் 49 நாள் 17 மணி. அணைக்காமல் அத்தனை நாள் ஓடினால் கணினி உறைந்துவிடும். 1995-இல் வந்த விண்டோஸின் இந்தப் பிழை 1999-இல்தான் வெளியே தெரிந்தது. நடுவில் ஒருமுறைகூட மல்லாந்துவிடாமல் 49 நாள் ஓடிய கணினி அபூர்வம் என்பதே காரணம்.

நம்முடைய மண்டலம் 48 நாள். விரதம் முடிந்து மாலையைக் கழற்றும்போது கணினியையும் அணைத்துப் போடுகிற வீட்டில் இந்தப் பிழை எட்டிப் பார்த்திருக்காது. முன்னோர்கள் முட்டாள்கள் அல்லர் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவோர் இந்தப் பத்தியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

கும்பாபிஷேகக் கட்சி

இரண்டாவது கட்சி, கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டு என்பதுபோல, கணினிக்கும் எப்போதாவது ஒருமுறை போதும் என்கிறது. 2012-இல் வந்த விண்டோஸ் 8, கடைத் தம்பியின் உதவியில்லாமல் கணினி தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டுடன் வந்தது. உன் கோப்புகள் இருக்கட்டுமா, எல்லாம் போகட்டுமா என்று அதுவே கேட்கும். கோப்புகள் இருக்கட்டும் என்றாலும் நாம் போட்டுவைத்த மென்பொருள்களில் பெரும்பாலானவை போய்விடும்.

இக்கட்சியின் உயிர்நிலை கும்பாபிஷேகம் அன்று, அதற்கு முந்திய பாலாலயம். திருப்பணி தொடங்குமுன் மூலவரின் சக்தியைக் கலசத்துக்கு மாற்றி, தனியிடத்தில் எழுந்தருளச் செய்து, பூசை நிற்காமல் பார்த்துக்கொண்ட பிறகுதான் கருவறையில் உளி விழும். கணினிக்காரர்கள் பேக்கப் என்பது இதைத்தான். பாலாலயம் செய்யாமல் கருவறையை இடிப்பவரை ஊர் என்ன சொல்லும்?

மேம்பாலக் கட்சி

மூன்றாவது கட்சிக்கு ஈஜிபுராவே சாட்சி. இங்கிருந்து கோரமங்களா கேந்திரிய சதனம் வரை சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு 2017-இல் வேலை தொடங்கியது. 2019-இல் முடிந்திருக்க வேண்டும். தூண்கள் எழுந்தன, வேலை நின்றது, 2022-இல் ஒப்பந்தம் ரத்தாயிற்று, 2023-இல் வேறு ஒப்பந்ததாரர் வந்தார். அவர் நின்ற தூண்களை இடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கவில்லை. விட்ட இடத்தில் தொட்டார். இருப்பதை வைத்துக்கொண்டு பழுதை மட்டும் பார் என்பதே இக்கட்சியின் கொள்கை. இதன் பலவீனம், ஜன்னலைத் திறந்தால் தெரியும்.

சோதனையும் விளைவும்

மகளின் பிராஜெக்ட் நடுவில் கணினி மூன்று முறை ஹேங் ஆனது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு உரிய நாள் என்பதால் அன்றே ஃபார்மட் அடிக்கப்பட்டது. ஆய்வாளர் பேதிக் கட்சிக்காரர், பாலாலயம் செய்யவில்லை. முக்கியமானதெல்லாம் டி டிரைவில் இருக்கிறது என்பது அவர் துணிபு.

ஞாயிறு காலை கணினி கன்றுக்குட்டிபோல் துள்ளியது. பிறகு வந்தார் மாமியார். அச்சகத்தில் டி.டி.பி. வேலை பார்த்தவர், தம் சமையல் குறிப்புகளைப் பாமினி எழுத்துருவில் தட்டிவைத்திருந்தார். கோப்பு டி டிரைவில் பத்திரமாக இருந்தது. எழுத்துரு சி டிரைவோடு போய்விட்டது. திரையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு பக்கம்.

"மாப்பிள்ளை, என் அவியல் எங்கே?"

பாமினியைத் தேடிப்பிடித்துப் போட்டதும் அவியல் திரும்பியது. யூனிகோடில் தட்டியிருந்தால் இந்த வம்பே இல்லை. மனைவிக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

"என்னங்க, வாடகை ரசீதெல்லாம் டெஸ்க்டாப்புலதானே வெச்சிருந்தேன்?"

டெஸ்க்டாப் என்பது கண்ணுக்கு மேசை. இருப்பதோ சி டிரைவுக்குள். பதினான்கு மாத ரசீது போனது போனதுதான்.

செவ்வாய்க்கிழமை கணினி மறுபடியும் ஹேங் ஆனது. வேறு வழியின்றி ஆய்வாளர் கேபினெட்டைத் திறந்தார். பிராசஸரின் மேலிருந்த விசிறி தெரியவில்லை. சாம்பல் நிறக் கம்பளிபோல் தூசி அப்பியிருந்தது. மூலையில் ஒரு பல்லி முட்டை. சூடேறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மேம்பாலக் கட்சியின் கொள்கை ஜன்னல் வழியாக வந்து விசிறியில் படிந்திருந்தது. பழைய பெயின்ட் பிரஷ் ஒன்றால் பத்து நிமிட வேலை. கணினி இன்றுவரை ஓடுகிறது.

முடிபுகள்

ஒன்று: காலண்டரைப் பார்த்து ஃபார்மட் அடிப்பது விண்டோஸ் 98 காலத்துப் பத்தியம். வைரஸ் புகுந்தால், கணினியை வேறொருவருக்குக் கொடுப்பதானால், மற்ற வைத்தியமெல்லாம் பலிக்காவிட்டால் மட்டும் செய்யலாம்.

இரண்டு: அதற்கு முன் விசிறியைப் பார்க்கவும். கணினியோடு சேர்ந்து தானாக விழித்துக்கொள்ளும் மென்பொருள்களைக் குறைக்கவும். பழைய ஹார்ட் டிஸ்க்கானால் எஸ்.எஸ்.டி. போடவும், அது கொடுக்கும் வேகத்தைப் பத்துப் பேதியும் கொடுக்காது.

மூன்று: எக்கட்சிக்காரரானாலும் பாலாலயம் கட்டாயம். டெஸ்க்டாப்பையும் எழுத்துருக்களையும் அதில் சேர்க்க மறக்க வேண்டாம். அவியல் இப்போது இரண்டு பென்டிரைவில் இருக்கிறது. ஒன்று மாமியாரின் புடவைப் பீரோவில்.