நாலு மணி டீ நாலேகாலுக்கு வருவது ஏன்? ஒரு தர மேலாண்மை ஆய்வு

ஒரு கம்பெனிக்கு உடம்பு சரியில்லை என்பதற்கு அறிகுறிகள் பல. அனுப்பிய சரக்கு திரும்பி வரும். சம்பளம் ஏழாம் தேதியிலிருந்து பத்தாம் தேதிக்கு நகரும். நல்ல டர்னர் பக்கத்து கேட்டுக்குள் நுழைந்துவிடுவார். ஆனால் நோய் முற்றிவிட்டது என்பதற்கு அறிகுறி ஒன்றே ஒன்றுதான்: யாராவது எழுந்து தர மேலாண்மைத் திட்டம் ஒன்றை முன்மொழிவார். இந்த இரண்டாம் கட்டத்தை அறிஞர் உலகம் உரிய கவனத்துடன் ஆராயவில்லை என்பது இக்கட்டுரையாளரின் தாழ்மையான கருத்து. கட்டுரையாளர் அந்தக் கட்டத்துக்குள் மூன்று வருஷம் குடியிருந்தவர். எழுந்து முன்மொழிந்தவரும் அவரே. ஆகவே ஆய்வின் நடுநிலைமை பற்றி வாசகருக்கு ஐயம் வேண்டாம்.

ஆய்வுக் களம், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை. வண்டிகளுக்குப் புஷ், பின் போன்ற சில்லறை உருப்படிகள் கடைந்து கொடுக்கும் இடம். பெயர் தேவையில்லை. காலம்தான் முக்கியம். 1998-ல் பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தரத்துக்கான ஜப்பானின் டெமிங் விருதை வாங்கியிருந்தது. இந்தியாவில் அதை வாங்கிய முதல் கம்பெனி. பாடிக்கும் எங்கள் பேட்டைக்கும் ஒரு பஸ் டிக்கெட் தூரம். பக்கத்துத் தெருவில் கெட்டிமேளம் கேட்டால் இந்த வீட்டில் ஜாதகத்தைத் தூசி தட்டுவார்கள் அல்லவா, அப்படித்தான் எங்கள் எம்.டி.யும் ஆனார். அந்த நேரம் பார்த்து ஒரு லாட் புஷ், ஓரத்தில் பிசிறு இருக்கிறதென்று கஸ்டமரிடமிருந்து திரும்பி வந்தது. "ஏதாவது பண்ணணுமேப்பா" என்றார். நான் பதினான்கு பக்கத்தில் பண்ணினேன்.

முன்மொழிவு எழுதும் கலை பற்றி ஒரு சொல். முதல் பக்கத்தில் மேல்நோக்கிப் பாயும் அம்புக்குறி ஒன்று அவசியம். அது எதைக் குறிக்கிறது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. இரண்டாம் பக்கத்தில் ஜப்பான் வர வேண்டும். மூன்றாம் பக்கத்தில் வள்ளுவர். நோய் எது, அது எதனால் வந்தது, எதனால் தீரும் என்று மருந்து அதிகாரத்தில் அவர் வரிசைப்படுத்தி வைத்திருப்பதால் மூலகாரண ஆய்வு முழுக்க நமக்குப் பாத்தியப்பட்டது என்று எழுதிவிடலாம். கடைசிப் பக்கத்தில் செலவு. அதைச் சின்ன எழுத்தில் போடுவது மரபு.

முன்னோர் ஆய்வுகளைக் குறிப்பிடாமல் போனால் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 1924-ல் அமெரிக்காவில் டெலிபோன் கருவி செய்யும் கம்பெனியில் வால்டர் ஷூஹார்ட் ஒரு பக்கக் குறிப்பு ஒன்று எழுதினார். அதிலிருந்து பிறந்ததுதான் கட்டுப்பாட்டு வரைபடம். அவரிடம் கற்ற டெமிங் 1950-ல் ஜப்பானில் வகுப்பெடுத்தார், மறுவருஷமே அவர் பெயரில் விருது வந்தது. இவ்வளவும் எல்லோரும் சொல்வது. சொல்லாமல் விடுவது, ஷூஹார்ட்டே 1947-48-ல் புள்ளியியலாளர் மகலனோபிஸ் அழைத்து இந்தியா வந்து போனார் என்பது. மருந்து முதலில் வந்தது நம் வீட்டுக்கு. ஜப்பான்காரர்கள் குடித்தார்கள். நாம் அலமாரியில் வைத்து ஐம்பது வருஷம் கழித்து ஜப்பானிலிருந்து வரவழைத்தோம்.

திட்டத்தின் முதல் படியாக ஆலோசனைப் பெட்டி வைத்தோம். பச்சைப் பெயின்ட், சின்னப் பூட்டு. ஒரு மாதம் கழித்துத் திறந்தபோது இருபத்து மூன்று சீட்டுகள் இருந்தன. பிசிறைப் பற்றி ஒன்றுகூட இல்லை. ஒன்று கேன்டீன் பூனை பற்றியது. ஒன்றில் ஓவர்டைம் பாக்கி. ஒன்று வெறும் பஸ் டிக்கெட். ஒன்று மொட்டைக் கடுதாசி, அதை எம்.டி. வாங்கி வைத்துக்கொண்டார். மீதி பத்தொன்பதும் ஒரே விஷயம்: நாலு மணி டீ நாலு மணிக்கு வருவதில்லை.

பெரும்பாலான தொல்லை சில காரணங்களிலிருந்துதான் வருகிறது என்ற விதியை பரேட்டோ விதி என்பார்கள். அந்த இத்தாலியப் பொருளாதாரக்காரருக்கும் தொழிற்சாலைத் தரத்துக்கும் சம்பந்தமில்லை, பெயர் வைத்தது என் தவறுதான் என்று தர நிபுணர் ஜோசப் ஜூரான் 1975-ல் ஒப்புக்கொண்டு எழுதினார். பெயர் மட்டும் போகவில்லை. நம் ஊரில் தெருப் பெயர் மாற்றின பிறகும் ஆட்டோக்காரர் பழைய பெயரில்தானே போவார். எப்படியோ, விதிப்படி டீயே எங்கள் முதல் ஆய்வுப் பொருளானது. பிசிறு காத்திருக்கலாம் என்று முடிவாயிற்று.

அடுத்தது மீன்முள் படம். கவோரு இஷிகாவா கொடுத்தது. தலையில் பிரச்சினையை எழுதி, முள்களில் ஆள், எந்திரம், பொருள், முறை, அளவீடு, சூழல் என்று காரணங்களை எழுத வேண்டும். நான் வெள்ளைப் பலகையில் அழகாக வரைந்து முடித்தேன். எங்கள் டூல்ரூம் ஃபோர்மேன் காசிமேட்டுக்காரர். தலையைச் சாய்த்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"தம்பி, முள்ளு வந்துடுச்சு. மீனை யாரு சாப்பிட்டாங்க?"

இந்தக் கேள்வியைக் குறிப்பேட்டில் பதிவு செய்யவில்லை. இப்போது யோசித்தால் அந்த மூன்று வருஷத்தில் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான்.

ஆனாலும் முள்களில் ஒன்று பயன் தந்தது: அளவீடு. டீ எத்தனை மணிக்கு வருகிறது என்று குறிக்கப் போனால், எந்தக் கடிகாரப்படி என்ற கேள்வி வந்தது. டைம் ஆபீஸ் கடிகாரம் மூன்று நிமிஷம் வேகம். காலையில் லேட் போடுவதற்கு வசதி. ஷாப்புக்குள் இருந்த கடிகாரம் நின்று போய் வருஷமாகிறது. ஆயுத பூஜைக்கு மட்டும் துடைத்துச் சந்தனம் வைப்பார்கள். கேன்டீன் கடிகாரம் பத்து நிமிஷம் வேகம். டீ அண்ணனைக் கேட்டேன்.

"அண்ணே, இது ஏன் இவ்ளோ ஃபாஸ்டா ஓடுது?"

"நான்தான் சார் வச்சேன். லேட் ஆகக்கூடாதுல்ல."

ஆக, அவர் கணக்கில் மூன்று ஐம்பதுக்கே அடுப்பை அணைத்துவிடுகிறார். எவர்சில்வர் கேன், அடியில் பித்தளைக் குழாய், மூடிக்கு மேல் ஈரத்துணி, பக்கவாட்டில் கம்பி ஸ்டாண்டில் பன்னிரண்டு கண்ணாடி கிளாஸ். கேன் கேன்டீனை விட்டுக் கிளம்புவது, கைக்கடிகாரத்தில் நானே பார்த்தபடி, மூன்று நாற்பத்திரண்டு. கேன்டீனிலிருந்து ஷாப் வாசல் நூறடி. நூறடியைக் கடக்க அரைமணி ஆகும் டீயைப் பற்றி உலக இலக்கியத்தில் குறிப்பில்லை.

இங்கேதான் 'ஐந்து ஏன்' உதவிக்கு வருகிறது. டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ சொன்ன உதாரணம் பிரசித்தம். எந்திரம் ஏன் நின்றது? சுமை கூடி ஃபியூஸ் போயிற்று. சுமை ஏன் கூடியது? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? பம்ப் சரியாக இறைக்கவில்லை. ஏன்? தண்டு தேய்ந்துவிட்டது. ஏன்? வடிகட்டி இல்லாததால் இரும்புத் துகள் உள்ளே போய்விட்டது. ஐந்தாவது படியில் ஒரு வடிகட்டி. ஓனோ கொடுத்து வைத்தவர். வடிகட்டிக்குக் கோபம் வராது, இன்க்ரிமென்ட்டில் கை வைக்காது.

எங்கள் ஐந்து ஏன் மாடியில் கான்ஃபரன்ஸ் ரூமில் கேட்கப்பட்டது. தினமும் மூன்றரைக்கு எம்.டி. தலைமையில் நடக்கும் உற்பத்தி மீட்டிங்கின் கடைசி அம்சமாக டீயைச் சேர்த்திருந்தோம். டீ ஏன் தாமதம்? கேன் ஷாப்புக்கு வர நாலேகால் ஆகிறது. ஏன்? கேன் மாடியில் நிற்கிறது. ஏன் நிற்கிறது? மீட்டிங்கில் இருப்பவர்களுக்குக் கொடுக்காமல் கீழே கொண்டுபோகும் வழக்கமில்லை, மீட்டிங் நடுவில் கதவைத் திறக்கவும் கூடாது. சரி, மீட்டிங் ஏன் முடியவில்லை?

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எம்.டி. பேசுவதை அப்போதுதான் நிறுத்தியிருந்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் டீ அண்ணன் கேன் மேல் கையூன்றி நின்றிருந்தார். ஒற்றைக் காலில் நின்று மற்றதைச் சொறிந்துகொண்டார். உள்ளே டீயின் மேல் ஏடு கட்டிக்கொண்டிருக்கும்.

இதிலிருந்து கிடைக்கும் விதியை இவ்வாய்வின் சொந்தப் பங்களிப்பாகக் கோருகிறேன்: ஒவ்வொரு ஏனும் ஒரு படி மேலே ஏறும். கேட்பவரின் சம்பளத்தில் கையெழுத்துப் போடுகிறவரின் நாற்காலி வந்ததும், முழங்கால் வலிக்கிறதென்று அதே படியில் உட்கார்ந்துவிடும். பிறகு மெல்ல இறங்கத் தொடங்கும். இறங்கி இறங்கி, பதில் சொல்ல முடியாத ஆள் ஒருவர் கிடைக்கும் இடத்தில் நிற்கும். அன்றைய அறிக்கையில் மூலகாரணம் என்ற கட்டத்தில் நான் எழுதியது: 'டீ விநியோகிப்பவருக்கு நேர மேலாண்மை குறித்த விழிப்புணர்வு போதாமை.' தீர்வு: பயிற்சி. எந்தத் தொழிற்பேட்டையின் ஃபைலையும் திறந்து பாருங்கள், 'ஆபரேட்டருக்கு அறிவுரை வழங்கப்பட்டது' என்ற வாக்கியம் இல்லாத பக்கம் அபூர்வம். குறைகளில் 94 சதவீதம் அமைப்பினுடையது, அது நிர்வாகத்தின் பொறுப்பு என்று டெமிங் மதிப்பிட்டிருந்தார். எங்கள் ஃபைலில் 94 அப்படியே இருந்தது, பொறுப்பு மட்டும் கேனுக்குப் பக்கத்தில் நின்றது.

பயிற்சி ஒரு வியாழக்கிழமை மூன்றரை முதல் நாலரை வரை நடந்தது. அன்றைக்கு டீயே வரவில்லை.

இதனிடையே ஐந்து எஸ் வேறு. தேவையற்றதைக் கழி, இருப்பதை ஒழுங்காக வை, துடை, இதை முறையாக்கு, பழக்கமாக்கு. ஜப்பான் மொழியில் ஐந்தும் 'எஸ்'ஸில் தொடங்குமாம். பயிற்சி கொடுக்க வந்தவர் இரண்டு மணி நேரம் விளக்கினார். முடிவில் ஃபோர்மேன், "ஆயுத பூஜைன்னு சொல்லியிருந்தா அப்பவே புரிஞ்சிருக்குமே" என்றார். கூர்ந்து பார்த்தால் நியாயம். அந்த ஒரு நாள் லேத்துக்கு அடியிலிருந்து சுருள் சுருளாய்ச் சீவல் வெளியே வரும், ஸ்பானர்கள் அளவு வாரியாகக் குங்குமம் வைத்துக்கொண்டு படுத்திருக்கும். முதல் நான்கு எஸ்ஸும் ஒரே ராத்திரியில் முடியும். ஐந்தாவது, பொரி தீரும்வரை நிற்கும். கழித்த சாமான்கள் ஷெட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் காத்திருந்து விஜயதசமி சாயங்காலம் வீடு திரும்பும்.

சுவரொட்டிகளைப் பற்றி விரிவாக எழுத ஆசை, இடமில்லை. வாடிக்கையாளரைப் பற்றி காந்தி சொன்னதாக ஆதாரமே இல்லாமல் ஊரெல்லாம் தொங்கும் வாசகம் எங்கள் ரிசப்ஷனிலும் தொங்கியது. அதற்குப் பக்கத்தில் டெமிங்கின் பதினான்கு அம்சங்களைச் சட்டம் போட்டு மாட்டினோம். பத்தாவது அம்சம், தொழிலாளிகளை நோக்கிய கோஷங்களையும் சுவரொட்டிகளையும் ஒழியுங்கள் என்பது. லேமினேஷன் நன்றாக வந்திருந்தது.

பிசிறு என்ன ஆயிற்று என்று கேட்கும் வாசகருக்கு: ஒரு சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் ஃபோர்மேன் டூல் பிட்டைக் கல்லில் வைத்து வேறு கோணத்தில் தேய்த்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த புஷ் திரும்பி வரவில்லை. அறிக்கை, படம், கூட்டக் குறிப்பு எதுவும் இல்லாததால் இதை ஆய்வில் சேர்த்துக்கொள்ள இயலவில்லை.

கடைசியாகக் கட்டுப்பாட்டு வரைபடம். இருபத்தைந்து நாள் டீ வந்த நேரத்தைக் குறித்து, சராசரி எடுத்து, மேலும் கீழும் எல்லைக்கோடு போட்டேன். நடுக்கோடு நாலேகால். கீழ் எல்லை நாலு எட்டு, மேல் எல்லை நாலு இருபத்திரண்டு. புள்ளிகள் எல்லாம் கோடுகளுக்குள் சாதுவாக உட்கார்ந்திருந்தன.

"அப்போ டீ சரியா வருதா?" என்றார் ஃபோர்மேன்.

"கட்டுப்பாட்டில் இருக்கு."

ஷூஹார்ட்டைக் குறை சொல்ல முடியாது. எது நடக்க வேண்டும் என்று அவர் வரைபடம் கேட்பதில்லை, வழக்கமாக எது நடக்கிறது என்றுதான் கேட்கும். வழக்கத்தை மீறினால், நல்லதாகவே இருந்தாலும், காரணம் தேடு என்னும். விதி அதுதான். எல்லை தாண்டும் புள்ளி ஒவ்வொன்றுக்கும் விளக்கப் படிவம் நிரப்ப வேண்டும் என்று என் பதினான்கு பக்கத்தில் பதினோராம் பக்கத்தில் நானே எழுதியிருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எம்.டி. புனே போயிருந்தார். மீட்டிங் இல்லை. சரியாக நாலு மணிக்குக் கேன் ஷாப்புக்குள் வந்தது. நுரை அடங்காத டீ. கிளாஸைக் கையில் பிடிக்க முடியாமல் விளிம்பில் இரண்டு விரலால் தூக்கி ஊதி ஊதிக் குடித்தோம். லேத் பக்கம் யாரோ விசிலடித்தார்கள்.

மறுநாள் புள்ளி வைத்தேன். கீழ் எல்லைக்குக் கீழே எட்டு நிமிஷம் தள்ளி, தன்னந்தனியாகச் சிவப்பில் நின்றது. படிவத்தை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனேன். டீ அண்ணன் பால் கொதிக்க விட்டுவிட்டுத் துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நேத்து டீ ஏன் நாலு மணிக்கு வந்துச்சுன்னு எழுதணும்."

"எம்.டி. சார் ஊர்ல இல்ல சார். அதான்."

படிவத்தில் காரணம் என்ற கட்டம் மூன்று வரிக்கு இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பால் பொங்கி வந்தது, அவர் அடுப்பைத் தணித்தார். 'டீ விநியோகிப்பவருக்கு அளித்த பயிற்சியின் பலன்' என்று எழுதி அவரிடம் நீட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டார்.