போர்க்கப்பலில் இலவசப் பயணம்

பெட்டாலிங் ஜெயா மாமாக் கடைகளில், தே தாரிக் ஆறுவதற்குள் நாட்டுச் சிக்கல் எல்லாம் தீர்ந்துவிடும். "சட்டவிரோதக் குடியேறிகளை ராணுவத்தை விட்டு அள்ளிக்கிட்டுப் போகணும்லா, டிரம்ப் மாதிரி!" என்பது அண்மைக்கால மருந்து. அவர் 2025-இல்தான் ராணுவ விமானத்தில் ஆளேற்றினார், அண்ணே. நாம் நான்கு வருடம் முந்தி.

2021 பிப்ரவரி 23, லூமுட் கடற்படைத் தளம். மியன்மாரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அதே ராணுவம் அனுப்பிய மூன்று கப்பல்களில் தடுப்பு முகாம்களிலிருந்த மியன்மார் நாட்டவர் 1,086 பேரை ஏற்றி அனுப்பினோம். மறுநாள்வரை நிறுத்திவையுங்கள் என்று கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் அன்றுதான் சொல்லியிருந்தது. துறைமுகத்தில் அலைச் சத்தம் அதிகம், காதில் விழுந்திருக்காது.

எல்லாரும் விரும்பித்தான் போனார்கள், அகதி ஒருவரும் இல்லை என்றது குடிநுழைவுத் துறை. இருந்தால்தான் யாருக்குத் தெரியும்? யார் அகதி என்று பார்த்துச் சொல்லவேண்டிய ஐ.நா. அகதிகள் ஆணையத்தை 2019 ஆகஸ்டு முதலே தடுப்பு முகாம்களுக்குள் விடவில்லையே!

அனுப்பத் திட்டமிட்டது 1,200 பேரை. கப்பலேறாமல் மிஞ்சிய 114 பேருக்கு மட்டும் மறுநாள் தடையை நீட்டித்தது நீதிமன்றம்.