பர்கர் என்னும் கோட்டைவாசி: ஒரு பகுபத ஆராய்ச்சி

பர்கரைக் கடிப்பதற்கு முன் பிரிக்க வேண்டும் என்பது இவ்வாய்வின் துணிபு. பிரிக்கச் சொல்வது ரொட்டியை அல்ல, சொல்லை. உலகமே விழுங்கிக்கொண்டிருக்கும் ஒரு சொல்லுக்குப் பகுதி எது, விகுதி எது என்று ஒருவரும் கேளாமல் இருப்பது இலக்கணத்துக்கே இழுக்கு.

முழுச்சொல் ‘ஹாம்பர்கர்’. பகுதி ஹாம்பர்க், எல்பே ஆற்றங்கரையிலுள்ள ஜெர்மானியத் துறைமுக நகரம். விகுதி ‘அர்’. ஜெர்மன் மொழியில் ஊர்ப்பெயரோடு இவ்விகுதி சேர்ந்தால் அவ்வூரார் என்றோ, அவ்வூருக்கு உரியது என்றோ பொருள்படும். பெர்லினர், ஃப்ராங்க்ஃபர்ட்டர் எல்லாம் இவ்வகை. நம் பலர்பால் விகுதியும் இதே ஒலியில் இருப்பது கண்டு சில அன்பர்கள் துள்ளி எழக்கூடும். ஜெர்மன் விகுதி மனிதருக்கும் வரும், தொத்திறைச்சிக்கும் வரும். நம் விகுதி அவ்வளவு இறங்கி வராது. அன்பர்கள் அமரலாம்.

பகுதியை மேலும் பகுக்கலாம். 9ஆம் நூற்றாண்டில் அங்கே ஹம்மாபுர்க் என்றொரு கோட்டை இருந்தது. 845இல் வைக்கிங்குகள் வந்து கொளுத்திவிட்டுப் போனார்கள். ‘புர்க்’ என்றால் கோட்டை; இதில் ஐயமில்லை. ‘ஹம்மா’ எது என்பதில்தான் பூசல். ஆற்று வளைவு என்பார் உண்டு, மேய்ச்சல் நிலம் என்பாரும் உண்டு. பன்றித் தொடை என்பார் இல்லை. இதை வாசகர் மனத்தில் இருத்துக.

19ஆம் நூற்றாண்டில் அந்தத் துறைமுகத்தில் கப்பலேறி லட்சக்கணக்கானோர் அமெரிக்கா போனார்கள். கொத்திய மாட்டிறைச்சியைத் தட்டிச் சுட்ட பண்டம் அங்கே ‘ஹாம்பர்க் ஸ்டேக்’ என்ற பெயரில் உணவகங்களில் ஏறியது. அதை ரொட்டிக்கு நடுவே முதலில் வைத்தவர் யார்? விஸ்கான்சினின் செய்மோர் தன் ஆள்தான் என்கிறது. கனெக்டிகட்டின் நியூ ஹேவனும் விடுவதாக இல்லை. நியூயார்க் மாநிலத்தில் ஹாம்பர்க் என்றே ஓர் ஊர் உண்டு. 1885இல் அங்கே நடந்த சந்தையில் பிறந்ததால்தான் இந்தப் பெயர் என்று ஒரு கட்சி வாதிடுகிறது. அது உண்மையானால் இக்கட்டுரையில் பாதி போய்விடும். ஆகவே அதை நிராகரிக்கிறேன்.

ஆங்கிலத்தில் ‘ஹாம்’ என்றால் பன்றித் தொடைக்கறி. உள்ளே இருப்பது மாடு என்று நாக்குக்குத் தெரிந்தும் காது கேட்கவில்லை. ‘ஹாம்’ தனி, ‘பர்கர்’ தனி என்று வெட்டிவிட்டது. வெட்டிய வால் தானாக ஓடத் தொடங்கியது. 1930களில் சீஸ்பர்கர் வந்தது; பின்னால் மீன், கோழி, காய்கறி எல்லாம் பர்கராயின. திருநெல்வேலி அல்வாவை ‘திருநெல்’, ‘வேலி அல்வா’ என்று யாரோ தவறாகப் பிரித்து, அதை நம்பிக் கடைக்காரர்கள் கேரட் வேலி, பாதாம் வேலி என்று பலகை மாட்டுவதற்கு இது நிகர். ஃப்ராங்க்ஃபர்ட்டரையும் ஆங்கிலம் வெட்டாமலில்லை. ‘ஃப்ராங்க்’ என்று தலையை வைத்துக்கொண்டு உடலை எறிந்தது. ஹாம்பர்கருக்குத்தான் தலை போனது.

முதல் உலகப் போரில் முழுப்பெயருக்கே ஆபத்து வந்தது. ஜெர்மானியப் பெயர் வாயில் படக்கூடாது என்று அமெரிக்காவில் சிலர் அதை ‘விடுதலை ஸ்டேக்’ ஆக்கினார்கள். கொத்திய மாட்டிறைச்சியே சர்வரோக நிவாரணி என்று நம்பிய டாக்டர் சாலிஸ்பரியின் பெயரும் கைகொடுத்தது. போர் முடிந்தது, பழைய பெயர் திரும்பியது. 1921இல் கான்சாஸின் விச்சிடாவில் 5 சென்ட்டுக்கு ஹாம்பர்கர் விற்கும் கடை ஒன்று திறந்தது. கடையின் பெயர் ‘ஒயிட் காசில்’, அதாவது வெள்ளைக் கோட்டை. ஹாம்பர்க் நகரச் சின்னத்திலும் சிவப்புப் பின்னணியில் வெள்ளைக் கோட்டைதான். தற்செயல் என்பார்கள் வரலாற்றாசிரியர்கள். அவர்கள் இலக்கணம் படிக்காதவர்கள்.

இலங்கையின் பர்கர் சமூகத்தாரை இதில் இழுக்க வேண்டாம். அவர்கள் பெயர் டச்சு மொழியில் குடிமகனைக் குறிப்பது; கோட்டை வழியில் தூரத்துச் சொந்தம், அவ்வளவே.

1996இல் மெக்டொனால்ட்ஸ் டெல்லியில் கடை திறந்தபோது மாடும் இல்லை, பன்றியும் இல்லை. ஹாம்பர்க் ஏற்கெனவே இல்லை. எஞ்சியது கோட்டையும் விகுதியும். எனவே ‘வெஜ் பர்கர்’ என்பதற்கு இலக்கணப்படி ஒரே பொருள்தான்: காய்கறிக் கோட்டைவாசி. கேட்டு வாங்குபவர்கள் இதை அறிந்து வாங்குவது நலம்.

ஹாம்பர்க்காரர்களுக்கும் சொந்தமாக ஒரு ரொட்டிப் பண்டம் உண்டு. வட்ட ரொட்டியைப் பிளந்து, வறுத்த இறைச்சித் துண்டு வைத்து, மேலே சூடாகக் குழம்பு ஊற்றுவார்கள். பெயர் ‘ருண்ட்ஷ்ட்யூக் வார்ம்’. ஊர்ப்பெயர் அதில் எங்கும் இல்லை. இறைச்சி பெரும்பாலும் பன்றி.