இறக்க மறுக்கும் இறந்தகாலம்

ஆங்கில வினைச்சொல்லின் வாலில் ‘எட்’ ஒட்டினால் இறந்தகாலம் வந்துவிடும். விதி அவ்வளவுதான். அதை மதிக்காதவர்கள் யார் என்று பார்த்தால், பீ, ஹேவ், டூ, சே, மேக், கோ, டேக், கம், சீ, கெட் என்று அதிகம் புழங்கும் பத்துப் பேரும்தான். பெரிய இடத்துக்கு விதிவிலக்கு!

இவர்களில் ‘கோ’வின் கதை தனி. அதன் ‘வென்ட்’ சொந்தச் சரக்கே அல்ல. நொடித்துப்போன வேறொரு பழைய வினையிடமிருந்து பறித்தது. பறிகொடுத்தது இன்று ‘வெண்டெட்’ என்று ஒட்டுப்போட்டுத் திரிகிறது. இந்த ஊழல் தெரியாமல் ‘கோ-எட்’ என்று விதிப்படி பேசும் குழந்தைக்குத்தான் திருத்தம் கிடைக்கிறது.

2007-இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். பழைய ஆங்கிலத்தில் முரண்டுபிடித்த 177 வினைகளில் இன்றும் பணியாதவை 98. ஒரு காலத்தில் ‘ஹோல்ப்’ என்று மிடுக்காக இருந்த ‘ஹெல்ப்’கூட ‘எட்’டிடம் சரணடைந்துவிட்டது. அடுத்து அடங்கப்போவது ‘வெட்’, அதாவது கல்யாணம் என்பது அவர்கள் கணிப்பு. வியப்பில்லை.

எதிர்த்திசையிலும் ஆள் உண்டு. ஒழுங்காக ‘எட்’ போட்டு வாழ்ந்த ‘ஸ்னீக்’, அமெரிக்காவில் ‘ஸ்னக்’ ஆகி, தன் பொருளுக்கேற்பப் பதுங்கிப் பதுங்கியே அகராதிக்குள் நுழைந்துவிட்டது.