பழுதுப் பிரியர்கள்

கூட்டம் காலை பத்து மணிக்கு என்று வாட்ஸப்பில் போட்டிருப்பார்கள். வாட்ஸப்பில் போடுவது கொள்கைக்கு விரோதம்தான். ஆனால் கொள்கைக்கு உகந்த செயலியில் மட்டும் போட்டால் கூட்டத்துக்கு ஒருங்கிணைப்பாளரும் அவருடைய தம்பியும்தான் வருகிறார்கள். பத்து மணிக்குப் போய் நின்றால் வாட்ச்மேன் தினத்தந்தி படித்துக்கொண்டிருப்பார். பத்தே காலுக்கு ஒரு ஸ்கூட்டர் வரும். கால் வைக்கும் இடத்தில் புரொஜெக்டர், முதுகில் லேப்டாப், கைப்பிடியில் தொங்கும் மஞ்சப்பையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் இரண்டு பாக்கெட் பிஸ்கட்டும். வண்டியை ஸ்டாண்டு போடுவதற்குள் கேட்டுவிடுவார்: “ஹால் சாவி யாருகிட்ட?”

இவர்தான் எங்கள் ஊர் லினக்ஸ் பயனர் குழுவின் ஒருங்கிணைப்பாளர். தலைவர் என்று சொன்னால் கோபம் வரும். தலைவர், செயலாளர், பொருளாளர் என்றெல்லாம் வைத்தால் மாலை, பொன்னாடை, அதைத் தொடர்ந்து கோஷ்டி என்று போய்விடுமாம். இங்கே எல்லாரும் சமம். கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்கும் நேரத்தில் மட்டும் அந்தச் சமத்துவத்தைப் பார்க்க முடியாது. எல்லாருக்கும் பஸ் இருக்கும். ஒருங்கிணைப்பாளருக்கு மட்டும் ஸ்கூட்டர்.

இந்தப் பொறுப்புகளுக்குத் தேர்தல் கிடையாது. வாயைத் திறந்தவர் மாட்டிக்கொள்வார், அவ்வளவுதான். யாரோ ஒருவர் சும்மா இருக்க மாட்டாமல், “டீ கொடுத்தா இன்னும் நாலு பேர் வருவாங்களே” என்றார். “அருமையான யோசனை தோழர், நீங்களே பார்த்துக்குங்க” என்றார் ஒருங்கிணைப்பாளர். அன்று ஃபிளாஸ்க்கைத் தூக்கியவர் இன்னும் இறக்கவில்லை. அவர் கல்யாணம் ஒரு கூட்ட நாளில் வந்தபோது ஃபிளாஸ்க்கை மைத்துனர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பந்திக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார். “சத்தம் பின்னாடி கேக்கலை” என்றவர் இப்போது மைக் பொறுப்பாளர். விவரம் தெரிந்த பழைய உறுப்பினர்கள் குழுவில் ஒரு குறையும் சொல்வதில்லை.

இது ஏதோ நம்மூர் நோய் என்று நினைக்க வேண்டாம். 1975 மார்ச் 5 அன்று கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில், கார்டன் ஃபிரெஞ்ச் என்பவரின் கார் ஷெட்டில் முப்பது சொச்சம் பேர் வந்து நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். ஆல்டேர் 8800 என்ற ஒரு பெட்டியைப் பார்க்க. அதற்குத் திரை கிடையாது, தட்டச்சுப் பலகை கிடையாது. முகப்பில் வரிசையாக ஸ்விட்சுகளும் சிவப்பு விளக்குகளும் மட்டும். அதை வைத்துக்கொண்டு உருப்படியாக என்ன செய்யலாம் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ராத்திரியில் யார் வந்திருப்பார்கள்? அதுதான் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்.

அங்கே போய்வந்த ஸ்டீவ் வாஸ்னியாக் ஆப்பிள் கம்ப்யூட்டரைச் செய்தார் என்பதை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. எனக்குப் பிடித்தவர் லீ ஃபெல்சென்ஸ்டீன். கிளப் பெரிதாகி ஸ்டான்ஃபோர்டு பக்கத்து அரங்கத்துக்குக் குடிபெயர்ந்த பிறகு, முன்னால் நின்று ஒரு நீளக் குச்சியை நீட்டி யார் பேசலாம், யார் பேசியது போதும் என்று கூட்டத்தை மேய்த்தவர். நம் ஒருங்கிணைப்பாளர் கையில் குச்சிக்குப் பதில் எச்டிஎம்ஐ கேபிள். மற்றபடி அதே வம்சம்தான்.

அந்த கிளப்பில் பேசிக் மொழி ஏறிய காகித டேப் ஒன்று கைமாறியது. ஒன்றை எடுத்துப் போனவர் அடுத்த தடவை இரண்டாகக் கொண்டுவர வேண்டும் என்பது ஏற்பாடு என்பார்கள். வட்டிக்கு விடுபவர்கள்கூட இவ்வளவு கேட்பதில்லை. அதை எழுதி விற்ற பில் கேட்ஸுக்கு வயிறு எரிந்து, இது திருட்டு என்று 1976 பிப்ரவரியில் ஒரு பகிரங்கக் கடிதமே எழுதினார். அந்த ஒரு விஷயத்தில் நம்மவர் கேட்ஸின் கட்சி. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய சிடியிலிருந்து ஏற்றிய விண்டோஸ் என்று தெரிந்தால் அந்த லேப்டாப்பைத் தொடமாட்டார். திருட வேண்டிய அவசியமே இல்லை, நான் லினக்ஸைச் சும்மா தருகிறேன் என்பார். சும்மா கிடைப்பதை வாங்க ஆளில்லை என்பதுதான் அவருடைய வாழ்நாள் துக்கம்.

தமிழ்நாட்டில் இந்த வம்சத்துக்கு மூத்த குடி சென்னைக்காரர்கள். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஐ.ஐ.டி. வகுப்பறை ஒன்றில் கூடியவர்கள். பிறகு காஞ்சிபுரம், விழுப்புரம் என்று கிளைகள் விட்டன. விழுப்புரத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பே எடுக்கிறார்கள். எங்கள் ஊரில் அந்த அளவுக்குச் சுறுசுறுப்பு இல்லை, ஆனால் பிடிவாதம் உண்டு.

அந்தப் பிடிவாதத்தின் சாட்சியங்கள் ஒருங்கிணைப்பாளர் வீட்டுக் கொல்லையில் தொங்குகின்றன. 2005-லிருந்து 2011 வரை, கேட்டவர்களுக்கெல்லாம் உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் சிடியைத் தபால் செலவுகூட வாங்காமல் அனுப்பிவைத்தார்கள். நம்மவர் கேட்டார். கட்டுக்கட்டாகக் கேட்டார். வெளிநாட்டு முத்திரை குத்திய பார்சல் வந்த முதல் நாள், பையனுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்துவிட்டது என்று அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். சிடிகள் கல்லூரி கல்லூரியாகப் போயின. வாங்கிக்கொண்ட மாணவர்கள் பைக்கின் பின்னால் ரிஃப்ளெக்டராக ஒட்டிக்கொண்டார்கள். மிச்சம் இருந்த 6.06 பதிப்பு இன்றைக்கும் கொய்யா மரத்தில் நூல் கட்டித் தொங்கிக் கிளிகளை விரட்டுகிறது. நீண்டகால ஆதரவு கொண்ட பதிப்பு என்று அறிவித்துத்தான் அதை வெளியிட்டார்கள். கொய்யா மரம் அதைக் காப்பாற்றி வருகிறது.

வீட்டில் மனைவிக்கு இந்தச் சேவையைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு. “ஊர்ல இருக்கிற பிரிண்டரெல்லாம் ஓடுது. நம்ம பிரிண்டர் மேல நாலு மாசமா துணி மடிச்சு வெக்கிறேன்.” கரண்ட் பில் கட்ட வேண்டும், சிஸ்டத்தை ஆன் பண்ணட்டுமா என்று கேட்டால், “இப்ப வேண்டாம், கர்னல் கம்பைல் ஆயிட்டிருக்கு” என்று பதில் வரும். ஏன் கம்பைல் செய்கிறார்? நேற்று வரை நன்றாக ஓடிக்கொண்டிருந்ததே? நன்றாக ஓடிக்கொண்டிருந்ததுதான் காரணம். அம்மையார் செல்போனில் பில்லைக் கட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்.

இங்கேதான் இந்த ஜாதியின் ரகசியம் இருக்கிறது. மென்பொருள் சுதந்திரத்துக்காக உழைப்பதாக அவர்கள் மனமார நம்புகிறார்கள். அது பொய்யும் அல்ல. ஆனால் அவர்களை ஞாயிற்றுக்கிழமை படுக்கையிலிருந்து எழுப்புவது வேறு. ஓடாத கம்ப்யூட்டர் ஒன்று எங்கோ இருக்கிறது என்ற நினைப்பு. போஜனப் பிரியருக்குப் பந்தி எப்படியோ, இவர்களுக்குப் பழுது அப்படி.

சந்தேகம் இருந்தால் சாவி கிடைத்து ஹால் திறந்த பிறகு நடப்பதைப் பார்க்கலாம். புரொஜெக்டர் பழையது, விஜிஏ. லேப்டாப் புதியது, எச்டிஎம்ஐ மட்டும். நடுவில் மாட்டும் கன்வர்ட்டர் குழுவுக்குச் சொந்தமாக உண்டு. போன மாதம் அதை எடுத்துப்போனவர் இன்று நாமக்கல்லில் ஒரு காதுகுத்தில் இருக்கிறார். வாட்ச்மேன் மேஜை டிராயரிலிருந்து எப்படியோ இன்னொரு கன்வர்ட்டர் வருகிறது. மாட்டினால் சுவரில் நீலத் திரை. ‘சிக்னல் இல்லை’ என்ற எழுத்து மெதுவாக மூலைக்கு மூலை நகர்கிறது. உடனே ஐந்து பேர் லேப்டாப்பைச் சூழ்ந்துகொள்கிறார்கள். “டெர்மினல் திறங்க தோழர், எக்ஸ்ரேண்டர் அடிங்க.” “வேலண்டுலதான் கோளாறு, லாக் அவுட் பண்ணி எக்ஸ்11-க்கு வாங்க.” “நான் அன்னைக்கே சொன்னேன், அந்த கிராஃபிக்ஸ் டிரைவரைத் தூக்கணும்னு.” பேச வந்தவர் ஓரமாக நிற்கிறார். வந்த மாணவர்கள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துவிட்டார்கள். இருபது நிமிடம் அந்த ஐந்து முகத்திலும் தெரியும் பிரகாசம் அன்று முழுவதும் வேறெதிலும் தெரியாது.

முதல் வரிசையில் இருந்த இரண்டாம் வருட மாணவி ஒருத்தி எழுந்துபோய்ப் புரொஜெக்டரின் தலையில் இருந்த ‘சோர்ஸ்’ பட்டனை அமுக்கினாள். படம் வந்துவிட்டது. யாரும் கை தட்டவில்லை. ஐந்து பேரும் கலைந்து அவரவர் நாற்காலிக்குப் போனார்கள். அடுத்த மாதத்திலிருந்து அந்தப் பெண் புரொஜெக்டர் பொறுப்பாளர் என்று சொல்லத் தேவையில்லை.

பிறகு அறிமுகம். பேர், ஊர், எந்த டிஸ்ட்ரோ, அதாவது எந்த வகை லினக்ஸ். உபுண்டு என்றால் ஒரு தலையசைப்பு, டெபியன் என்றால் மரியாதை. ஆர்ச் என்றால் அவரே சொல்லி முடிக்கட்டும் என்று எல்லாரும் காத்திருப்பார்கள், ஏனென்றால் அவர் முடிக்கமாட்டார். ஒரு பையன் எழுந்து “விண்டோஸ் 11 சார்” என்றான். ஒருங்கிணைப்பாளர் கனிவோடு, “பரவாயில்லப்பா, நாங்களும் அங்கேருந்துதான் வந்தோம்” என்றார். குடியை விட்டவர்கள் கூட்டத்துக்கு வந்துவிட்டோமோ என்று பையன் கதவைப் பார்த்தான்.

செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை மென்பொருள் சுதந்திர தினம். அதற்கு ஒரு ஃபிளெக்ஸ் வேண்டும். ஒருங்கிணைப்பாளர் இங்க்ஸ்கேப்பில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வரைந்து, எஸ்விஜி கோப்பாகப் பென் டிரைவில் கொண்டுபோனார். “கோரல் ஃபைல் இருக்காண்ணே?” என்றார் கடைத் தம்பி. இல்லை. “பிஎஸ்டி?” இல்லை. தம்பி பரிதாபப்பட்டு, எந்த வழியாக வந்தது என்று கேட்கக்கூடாத ஒரு மென்பொருளைத் திறந்து, பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் புதிதாக அடித்துக் கொடுத்தார். ‘கள்ள மென்பொருளைத் தவிர்ப்போம்’ என்ற வாசகம் ஆறுக்கு நாலில் பளபளவென்று வந்தது. கூடவே கடைத் தம்பி பழக்க தோஷத்தில் ஓரத்தில் இரண்டு தாமரையும் ஒரு குத்துவிளக்கும் வைத்திருந்தார்.

இதில் என்ன வருமானம் என்று வாட்ச்மேனுக்கு நெடுநாள் சந்தேகம். ஒருநாள் கேட்டேவிட்டார்: “செயின் மார்க்கெட்டிங்கா சார்?” இல்லை என்று சொன்னதை அவர் நம்பவில்லை. காசு வாங்காமல் ஞாயிற்றுக்கிழமை ஒருவன் சொற்பொழிவாற்றினால் அவன் எதையோ விற்கிறான் என்பது அனுபவஸ்தரின் முடிவு. அதை முழுக்கத் தப்பென்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

அப்படி வந்து சிக்கியவர்தான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். பெங்களூரில் இருக்கும் பையன் கழித்துப்போட்ட லேப்டாப்பைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்தார். “கும்பாபிஷேகப் பத்திரிகை அடிக்கணும் தம்பி. தமிழ் வந்தாப் போதும்.” ஒருங்கிணைப்பாளர் அவரை உட்காரவைத்தார். ஹார்டு டிஸ்க் படத்தைக் காட்டி, “ஹோமைத் தனியாப் பிரிச்சிடலாமா சார்?” என்றார்.

“இருக்கிறது ஒரே பையன் தம்பி. எதுக்குப் பிரிக்கணும்?”

வைஃபை பிடிக்கவில்லை. அதற்கான டிரைவரை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இணையம் வர அந்த டிரைவர் வேண்டும். இந்தச் சிக்கலை ஆசிரியருக்கு விளக்கியபோது ஒருங்கிணைப்பாளர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். செல்போனை யூஎஸ்பியில் மாட்டிச் சமாளித்தார்கள். அடுத்து தட்டச்சு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு, அதையொட்டி அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை, உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம் என்று அரை மணி நேரம் வகுப்பு நடந்தது. ஆசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவன் தம்பி. அந்தப் பழைய மிஷின் மாதிரியே வராதா?” என்றார். பட்டியலில் தமிழ்99-க்கு இரண்டு வரி தள்ளி ‘டைப்ரைட்டர்’ என்று இருந்தது. டீ பொறுப்பாளர் எட்டிப் பார்த்து அதைச் சொடுக்கினார். ஆசிரியரின் பத்து விரலும் இறங்கின. ‘ஸ்ரீமத்’ என்று ஆரம்பித்து ஒரு பக்கம் பிழையில்லாமல் ஓடியது. மூன்று மணிக்கு ஹாலைப் பூட்டினார்கள். போகும்போது ஆசிரியர் நோட்டீஸ் பலகையைப் படித்துவிட்டு, “இரண்டு இடத்தில ஒற்று மிகணுமே” என்றார். அன்றே அவர் அறிவிப்புப் பொறுப்பாளர் ஆனார்.

அடுத்த மாதம் ஆசிரியர் பத்து மணிக்கே வந்து வாசலில் நின்றார். பத்திரிகை அச்சாகிவிட்டது, நூறு பிரதி கொண்டுவந்திருந்தார், கூடவே எல்லாருக்கும் பிரசாதம்.

“லேப்டாப் எப்படி சார் இருக்கு?”

“அருமையா இருக்கு தம்பி. ஒரு தொந்தரவும் இல்லை.”

“வைஃபை? நடுவுல கட் ஆகுதா?”

“இல்லையே.”

“சத்தம் வருதா? லிட்டை மூடித் திறந்தா முழிச்சுக்குதா?”

“எல்லாம் ஜோர்.”

ஒருங்கிணைப்பாளர் சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மற்ற நால்வரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு அவருக்கு ஏதோ தோன்றியது.

“சார், அப்டேட் போட்டீங்களா?”

“அப்டின்னா?”

சுண்டல் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு, “கொடுங்க சார் இப்படி” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மற்ற நால்வரும் எழுந்து வந்தார்கள்.