பூவோடு போகிறவன் கவனத்துக்கு

மனம் கவர்ந்தவளுக்குப் பூ கொண்டுபோவதில் நமக்கு ஈராயிரம் வருஷ அனுபவம் இருக்கிறது. பெரும்பாலும் தோல்வி அனுபவம். குறுந்தொகையின் முதல் பாட்டிலேயே ஒருவன் காந்தளோடு போய் நிற்கிறான். எங்கள் மலையில் அதற்கென்ன பஞ்சம் என்று தோழி திருப்பி அனுப்பிவிடுகிறாள். செங்காந்தள் கிழங்கு முதல் விதை வரை நஞ்சு என்பதால், அவள் மறுத்ததில் மருத்துவ நியாயமும் உண்டு. அதையே மாநில மலராக்கியது நம் பெருந்தன்மை.

இன்றைய காதலன் உஷார். பிப்ரவரி 14க்காக ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் ‘தாஜ்மஹால்’ ரகச் சிவப்பு ரோஜா தயாராகிறது. மொட்டு அவசரப்பட்டு விரிந்துவிடாதபடி அதற்கு வலைத்தொப்பி மாட்டுகிறார்கள். காதலர்களுக்கு அப்படியொரு தொப்பி இன்னும் வரவில்லை. மறுநாள் அதே ரோஜாவைச் சீண்ட ஆளிருக்காது.

கல்யாணத்துக்குப் பிறகு ரோஜா போய் மல்லிகை வரும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியே ஆனாலும் அளப்பது பூக்காரம்மாவின் முழங்கைதான். தை முகூர்த்தத்தில் விலை ஏற ஏற, அந்த முழம் மணிக்கட்டை நோக்கி நகரும்.

வீட்டில் விசாரணை:

“முழம் எவ்வளவு?”

“எண்பது.”

“கேட்டதைக் குடுத்துட்டு வந்துட்டீங்களா?”

இதற்குப் பதில் யோசிப்பதற்குள் பூ தலைக்கு ஏறியிருக்கும். பரிசு ஏற்கப்பட்டது என்று கொள்க.